தீர்த்தக்கரையில் சொல்லாத பெயர்

வினாயகமூர்த்தி கனடாவின் மனிடோபா மாகாண சட்டமன்றத்தில் ஏழு வருடம் உறுப்பினராக இருந்தார். அதற்கு முன்னும், உறுப்பினராக இருந்தபோதும் மீன் விற்றார். வினிப்பெக் நகரில் தமிழர் கொஞ்சப்பேர்தான். அவர்களுடைய வாக்கை நம்பி யாரும் அங்கே வெல்ல முடியாது. உக்ரேனியர், பிலிப்பினோக்கள், பூர்வகுடியினர் என்று பனியில் நடந்து வீடு வீடாகக் கதவு தட்டி வென்றவர் அவர். அங்கே எல்லாருக்கும் அவர் 'வின்னி'.

பிறந்தது மட்டக்களப்பு அமிர்தகழியில், வாவிக்கரையோடு ஒட்டிய வளவில். தகப்பன் வீச்சுவலைக்காரர். எண்பத்தேழில், இருபத்தொரு வயதில், ஊரைவிட்டு வெளிக்கிட்டார். வினிப்பெக்கில் முதல் வேலை மீன் வெட்டும் தொழிற்சாலையில். ஐஸ் தண்ணீரில் கை வீங்கி, இரவில் கரண்டி பிடிக்க முடியாமல் சோற்றைக் குனிந்து வாயால் எடுத்துச் சாப்பிட்ட நாள்கள் இருந்தன. பிறகு சந்தையில் ஒரு மேசை, பிறகு ஒரு கடை, கடைசியில் நகரத்தின் ஓரத்தில் பெரிய குளிர்க்களஞ்சியம். இலங்கை இறாலும் வியட்நாம் கணவாயும் அவருடைய பெயர் அச்சடித்த பெட்டிகளில் மாகாணம் முழுக்கப் போயின. அந்த வட்டாரத்தின் மருத்துவ நிலையத்தை அரசு மூடப் பார்த்தபோது, கடை வாசலில் மேசை போட்டுக் கையெழுத்து வாங்கினார். மூடவில்லை. அடுத்த தேர்தலில் ஒரு கட்சி அவரைத் தேடி வந்தது.

கட்சி அனுப்பிய ஆலோசகர் முதல் நாளே கேட்டார்: நீ ஏன் அரசியலுக்கு வருகிறாய் என்று மக்கள் கேட்பார்கள், அதற்கு ஒரு கதை வேண்டும், உன் கதை என்ன? வினாயகமூர்த்தி யோசித்துவிட்டுத் தன் அண்ணனைப் பற்றிச் சொன்னார்.

அண்ணன் நல்லரத்தினம் அவரைவிட எட்டு வயது மூத்தவர். தொண்ணூறாம் ஆண்டு, ஊர் முழுக்கக் கலவரமாகக் கிடந்த நாள்களில், வீட்டில் அரிசி முடிந்துவிட்டது. அக்கரையில் தெரிந்தவர் வீட்டில் நெல் இருக்கிறது என்று காலையில் தோணியை எடுத்துக்கொண்டு போனார். திரும்பவில்லை. மறுநாள் தோணி மட்டும் தனியே மிதந்து வந்து கரைச் சேற்றில் வளரும் கண்ணா மரங்களுக்குள் செருகிக் கிடந்தது. யார் பிடித்தார்கள், பிடித்தார்களா இல்லையா, தண்ணீரில் விழுந்தாரா, ஒன்றும் தெரியாது. மனைவி நேசம்மாவின் வயிற்றில் அப்போது பிள்ளை. இதெல்லாம் வினாயகமூர்த்திக்கு ஒரு மாதம் கழித்துத் தொலைபேசியில்தான் தெரிந்தது.

முதல் தேர்தலில் அவர் "என் அண்ணன் காணாமல் போனார்" என்று சொன்னார். கேட்ட கிழவிகள் கதவை அகலத் திறந்து உள்ளே கூப்பிட்டார்கள். இரண்டாவது தேர்தலில் அது "அண்ணனைக் கொண்டுபோனார்கள்" என்று மாறியிருந்தது. மாறியதை அவரே கவனிக்கவில்லை. பிறகு சட்டமன்றத்தில், உலகெங்கும் போர்களில் உயிரிழந்த பொதுமக்களை நினைவுகூரும் ஒரு தீர்மானம் வந்தது. பேசும் வாய்ப்பை அவருக்குக் கொடுத்தார்கள்.

அவருடைய தொகுதி அலுவலகத்தைப் பார்த்துக்கொண்டவள் பஹீமா. ஏறாவூர்ப் பெண், படிக்க வந்து அங்கேயே தங்கியவள். உரையைத் தட்டெழுதிக்கொண்டிருந்தவள் அண்ணன் இறந்ததாகச் சொல்லும் இடத்தில் நிறுத்தினாள்.

"சேர், இந்த இடத்துல ஒரு சந்தேகம். உங்கட நானா மௌத்தாகிட்டாரெண்டு ஆராச்சும் கண்டு சொன்னாங்களா?"

"எத்தின வருசமாச்சு பஹீமா. வேற என்னவா இருக்கும்?"

"இல்ல சேர், எங்கட ஊர்லயும் அப்பிடிப் போனவங்க இருக்காங்க. எங்கட உம்மா இன்னும் மாமாவ மௌத்தெண்டு சொல்ல விடமாட்டா. அதான் கேட்டன்."

"எழுதுங்க," என்றார் அவர்.

சபையில் அவர் எழுந்து, என் அண்ணன் நல்லரத்தினம் கொல்லப்பட்டார் என்று சொன்னார். பெயரை மெதுவாக, எழுத்தெழுத்தாக உச்சரித்தார். சபாநாயகர் கேட்டுக்கொள்ள, எதிர்க்கட்சி உட்பட எல்லாரும் எழுந்து ஒரு நிமிடம் தலை குனிந்து நின்றார்கள். அவர் கண் கலங்கியது உண்மை. அதில் நடிப்பு இல்லை.

அன்று பின்னேரம் அவர் தொகுதி அலுவலகத்துக்குத் திரும்பியபோது பஹீமா தேத்தண்ணிக் கோப்பையோடு நடுவில் நின்றுகொண்டிருந்தாள்.

"சேர், உங்களப் பாக்க ஒராள் வந்தார். ஊராள் போல. தம்பியப் பாக்கணுமெண்டார். தேத்தண்ணி போட்டுட்டு வரக்குள்ள ஆளக் காணல்ல."

"எப்பிடி ஆள்?"

"சாரனும் பெனியனும், சேர். இந்தக் குளிருக்க! இந்தப் புருவத்துக்கு மேல தையல் போட்ட தழும்பு," என்று தன் இடது புருவத்தைத் தொட்டுக் காட்டினாள்.

வினாயகமூர்த்தி காத்திருப்போர் நாற்காலியைப் பார்த்தார். இருக்கை நனைந்திருந்தது. கீழே தரைவிரிப்பில் கறுப்பாகச் சேறு. அந்த மணம் அவருக்கு நன்றாகத் தெரியும். வாவியில் தண்ணீர் வற்றும்போது கண்ணா வேர்களுக்குள்ளிருந்து வரும் மணம் அது. வெளியே ஆறுகளெல்லாம் இன்னும் கட்டியாக உறைந்து கிடந்தன. அண்ணனுடைய புருவத்துத் தழும்பைப் பற்றி அவர் பஹீமாவிடம் சொன்னதில்லை, புகைப்படம் எதையும் காட்டியதுமில்லை. அவரிடமே ஒன்றும் இல்லை.

அதன்பிறகு அவரே பார்க்கத் தொடங்கினார். அண்ணன் பயமுறுத்தவில்லை, ஒன்றும் பேசவுமில்லை. போன அன்று இருந்த வயதிலேயே, காத்திருப்போர் வரிசையில் இருந்தார். அரசியல்வாதியின் அலுவலகத்துக்கு வருகிறவர்கள் எப்படி இருப்பார்கள் என்பது வினாயகமூர்த்திக்குப் பழக்கம். வேலையாக வந்தவர்கள் கையை மடியில் வைத்து, தங்கள் பெயர் எப்போது கூப்பிடப்படும் என்று கதவையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அண்ணனும் அப்படித்தான் இருந்தார். சட்டமன்றத்தின் பார்வையாளர் மாடத்தில், குளிர்க்களஞ்சியத்தில் பெட்டிகளின் நடுவில், விருந்துகளில் சுவரோரக் கதிரையில், ஒரு மனு கொண்டுவந்த ஆளைப் போல.

டாக்டர் குளிசை கொடுத்தார். குளிசை நித்திரையைத் தந்ததே தவிர வேறொன்றும் செய்யவில்லை. அடுத்த தேர்தலில் வேட்பாளர் விவாதத்தின் நடுவில் அவர் கடைசி வரிசையைப் பார்த்தபடி பேச்சை நிறுத்திவிட்டார். நிறுத்தியவருக்குத் திரும்பத் தொடங்க முடியவில்லை. அந்தக் காணொளியை மாகாணமே பார்த்தது. தோற்றார். களஞ்சியத்தையும் விற்றுவிட்டு, ஆடி அமாவாசைக்குச் சில நாள் முன் மட்டக்களப்பு வந்து இறங்கினார். மாமாங்கக் கோயில் தீர்த்தத்தில் அண்ணனுக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட்டால் எல்லாம் முடிந்துவிடும் என்று நம்பினார்.

வாவி கண்ணில் படாத இடமாக இருக்க வேண்டும் என்று கல்குடாவில் கடலோர விடுதியொன்றில் அறை எடுத்திருந்தார். அங்கிருந்து அமிர்தகழிக்கு வாடகை வான் ஒன்றில் வந்தபோது அண்ணன் பின் இருக்கையில் இருந்தார். சித்தாண்டி தாண்டியதும் சன்னல் பக்கம் திரும்பி, பச்சைக் கதிர் நிறைந்த வயல்களைப் பார்த்துக்கொண்டு வந்தார். சாரதிக்கு ஒன்றும் தெரியவில்லை. ஏசியை மட்டும் இரண்டு தடவை குறைத்தான்.

நேசம்மா முற்றத்தில் இறால் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். வினாயகமூர்த்தியின் வயதுதான். நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு, கழுத்தில் தாலிக்கொடி. அவரைக் கண்டதும் கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். சிரிக்கவில்லை.

"வா மூர்த்தி. இரி."

மகள் ஆர்த்திகா கதிரை கொண்டுவந்து வைத்தாள். அவள் பாடசாலை ஆசிரியை, முப்பதைத் தாண்டியவள், கலியாணம் ஆகவில்லை. பெண் கேட்டு வந்த ஒவ்வொருவரிடமும் "அவர் வந்த பிறகு பாப்பம்" என்று நேசம்மா சொல்லி அனுப்பியிருந்தாள்.

வினாயகமூர்த்தி வந்த காரியத்தைச் சொன்னார். தீர்த்தத்தில் தான் பிதிர்க்கடன் கழிக்கப்போவதாகவும், செலவெல்லாம் தன்னுடையது என்றும் சொன்னார். நேசம்மா கடைசிவரை கேட்டாள்.

"ஆருக்கு எள்ளுத் தண்ணி இறைக்கப் போறாய்?"

"அண்ணனுக்குத்தான், மச்சாள்."

"செத்தவங்களுக்குத்தானே அது?"

நேசம்மா வாவிப் பக்கம் கையைக் காட்டினாள்.

"இத்தின வருசமும் அவர் வந்தவர், மூர்த்தி. பொழுது பட்டு மைமல் நேரம், தண்ணி அசையாமக் கிடக்கும். தோணி வந்து கரையில முட்டும். தோணி தள்ளுற கம்ப உள்ளுக்கு வைக்கிற சத்தம் கேக்கும். நான் போய்ப் பாக்கிறல்ல. பாத்தா ஒண்டும் இரிக்காதெண்டு எனக்குத் தெரியும். சோத்தப் போட்டு மூடி வைப்பன். அது போதும் எனக்கு. அதோட நான் சீவிச்சிட்டன்." அவள் அவர் பக்கம் திரும்பினாள். "நீ அங்க எழும்பி நிண்டு செத்துப்போனாரெண்டு சொன்னாய். வெள்ளக்காரங்களெல்லாம் எழும்பி நிண்டாங்களாம். போன்ல இவள் காட்டினாள். அண்டையோட தோணி வாற இல்ல."

ஆர்த்திகா தலையைக் குனிந்துகொண்டாள்.

வினாயகமூர்த்தி யாரிடமும் சொல்லாததைச் சொன்னார்.

"மச்சாள், அண்ணன் என்னட்ட வந்திட்டார்."

நேசம்மாவின் கை பொட்டுக்குப் போனது. அவள் அழுவாள், ஏசுவாள் என்று அவர் எதிர்பார்த்தார். அவளோ கதிரைக்குப் பக்கத்தில் நிலத்தில் வந்து குந்தினாள்.

"முகத்தக் கண்டியா?"

"ஓம்."

"எப்பிடி இரிக்கார்? மெலிஞ்சி போனாரா?"

"இல்ல. போன அண்டு இருந்த மாதிரித்தான்."

"அங்க சரியான குளிரெண்டு சொல்லுவாங்க. சட்ட போட்டிருக்காரா?"

"பெனியன் மட்டும்தான்."

"ஒரு சட்டையக் குடுத்திருக்கலாமே நீ!" என்று சீறினாள். கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது. "எனக்கு ஒரு நாளும் முகத்தக் காட்டல்ல. ஒரு நாளும். உனக்குக் காட்டியிருக்கார்." முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இப்ப எங்க?" என்று கேட்டாள்.

அண்ணன் வேலிப் படலைக்கு வெளியே நின்றார். வானைவிட்டு இறங்கி அதுவரை வந்தவர் உள்ளே காலை வைக்கவில்லை. சொந்த வளவின் படலையில், அனுமதி கேட்டு நிற்கும் பிறத்தியாளைப் போல நின்றார். வினாயகமூர்த்தி விரலால் காட்டினார். நேசம்மா எழுந்து சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு போனாள். படலையைத் திறந்து பிடித்தாள்.

"வாங்க," என்றாள் வெறும் ஒழுங்கையைப் பார்த்து. "உங்கட வீடுதானே. வாங்க."

அண்ணன் அவளைப் பார்க்கவில்லை. தம்பியையே பார்த்துக்கொண்டு நின்றார். நேசம்மா படலையைப் பிடித்தபடி நிற்க, ஒழுங்கையால் போன ஒரு சைக்கிள்காரர் வேகத்தைக் குறைத்து அவளைப் பார்த்துவிட்டுப் போனார். ஆர்த்திகாதான் போய் அவளைத் தோளில் பிடித்துக் கூட்டிவந்தாள்.

"நீ சொன்னத நீதான் மாத்தணும்," என்றாள் நேசம்மா. "அதே இடத்துல போய்ச் சொல்லு."

விடுதிக்குத் திரும்பிய வினாயகமூர்த்தி வினிப்பெக்குக்கு அழைப்பு எடுத்தார். சட்டமன்றச் செயலகத்தில் முன்பு அவரைக் கண்டால் எழுந்து நிற்கும் அதிகாரி மரியாதையாகவே பேசினார். சபையில் பேசியது பேசியதுதான். தான் சொன்னதில் பிழை இருந்தால் ஓர் உறுப்பினர் எழுந்து திருத்தலாம், ஆனால் நீங்கள் இப்போது உறுப்பினர் இல்லையே என்றார். பஹீமாவையும் கூப்பிட்டார். அவள் முழுவதையும் கேட்டுவிட்டு, "சேர், அந்தச் சபைக்கு அவர் ஆரெண்டே தெரியாது," என்றாள். "அவர் ஆரெண்டு தெரிஞ்சவங்க இருக்கிற இடத்துல சொல்லுங்க."

ஆடி அமாவாசையன்று மாமாங்கத்தில் கால் வைக்க இடமில்லை. தீர்த்தக் குளத்தின் படிகள் முழுக்க ஈர வேட்டிகள். தகப்பனை இழந்தவர்கள் வரிசை வரிசையாகக் குந்தியிருந்தார்கள். கற்பூரமும் ஈர மண்ணும் சனத்தின் வியர்வையும் கலந்த மணம். வினாயகமூர்த்தியும் ஒரு ஐயரின் முன்னால் குந்தினார். வலது பக்கம் அப்பாவோடு தொழில் செய்த குடும்பத்துப் பிள்ளைகள், பின்னால் ஒழுங்கைச் சனம். கனடாவில் மந்திரி மாதிரி இருந்தவராம் என்று யாரோ காதுக்குள் சொல்வது கேட்டது.

அண்ணன் எதிர்க்கரைப் படியில் இருந்தார். அவரைச் சுற்றியும் ஆள்கள் குந்தியிருந்தார்கள். எல்லாரும் குனிந்து தர்ப்பையைப் பார்க்க, அவர் ஒருவர் மட்டும் நிமிர்ந்து தம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஐயர் தகப்பனின் பெயரைக் கேட்டார். சொன்னார். தாயின் பெயரைக் கேட்டார். சொன்னார். எள்ளும் தண்ணீரும் விரலால் வழிந்தன.

"வேற ஆரும் இரிக்கா?"

நல்லரத்தினம் என்று சொல்லத்தான் அவர் கனடாவிலிருந்து வந்திருந்தார். சொல்லிவிட்டால் இந்தக் காத்திருப்பு முடிந்துவிடும். தானும் இனி ஒரு கதிரையைப் பயமில்லாமல் பார்க்கலாம். வாயைத் திறந்தார். படலையைப் பிடித்துக்கொண்டு நின்ற நேசம்மா நினைவுக்கு வந்தாள்.

"இல்ல," என்றார்.

"தமையன் ஒராள் எண்டு பதிவில சொன்னீங்களே?" ஐயருக்கு அவசரம். பின்னால் சனம் காத்திருந்தது.

வினாயகமூர்த்தி எழுந்தார். எழத் தேவையில்லை. எழுந்து பேசிப் பழகிய உடம்பு தானாக எழுந்தது. சபையில் பேசும் அதே குரலும் வந்தது.

"எங்கட அண்ணன் நல்லரத்தினம் செத்தாரெண்டு நான் சொன்னது பொய். அவர் போன இடம் எனக்குத் தெரியா. ஒருத்தருக்கும் தெரியா. செத்தாரெண்டு ஆரும் சொன்னா, என்னட்ட இருந்து வந்த கதை அது. அத நம்பாதீங்க."

சுற்றியிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். யாரும் எழுந்து நிற்கவில்லை. ஒரு கிழவர் மட்டும் தலையாட்டினார். பிறகு மந்திரச் சத்தமும் சனத்தின் இரைச்சலும் மீண்டும் மூடிக்கொண்டன. எதிர்க்கரையில் அண்ணன் இருந்த இடத்தில் வேறொருவர் ஈர வேட்டியோடு குந்திக்கொண்டிருந்தார்.

அன்று பொழுது படும்போது வினாயகமூர்த்தி நேசம்மா வீட்டில் இருந்தார். தீர்த்தக்கரையில் நடந்தது அவருக்கு முன்னாலேயே ஒழுங்கைக்கு வந்து சேர்ந்திருந்தது. நேசம்மா சோறு ஆக்கி, திரளி மீன் குழம்பு வைத்து, ஒரு சாப்பாட்டுக் கோப்பையில் போட்டு மூடிவிட்டுக் கதவு நிலையில் சாய்ந்திருந்தாள். வாவி எண்ணெய் ஊற்றியது போலக் கிடந்தது.

முதலில் தண்ணீர் மெதுவாக அலசும் சத்தம். பிறகு மரம் மண்ணில் முட்டும் சத்தம். பிறகு ஒரு நீளமான கம்பைத் தோணிக்குள் கிடத்தும் சத்தம்.

நேசம்மா கண்ணை மூடிக்கொண்டாள். அவள் முகம் இளகி, பார்க்கப் பார்க்க வயது குறைந்துகொண்டு போனது. வினாயகமூர்த்தி எழும்பப் போக, கண்ணைத் திறக்காமலே, "போகாத," என்றாள்.

ஆர்த்திகாவின் முகத்தைப் பிறகுதான் அவர் பார்த்தார். அவள் சுவரோடு ஒட்டி நின்றாள். பிறந்ததிலிருந்து தாய் இந்தச் சத்தத்தைப் பற்றிச் சொல்லக் கேட்டவள். ஒரு நாளும் தன் காதால் கேட்டதில்லை. தாய்க்குக் கொஞ்சம் புத்தி பேதலிப்பு என்று நினைத்தே வளர்ந்தவள். இப்போது கேட்டுவிட்டாள். வாயைக் கையால் பொத்திக்கொண்டு உள்ளே போய் அறைக் கதவைச் சாத்தினாள்.

வினாயகமூர்த்தி இன்னும் சில வாரம் தங்கினார். விடுதியை விட்டுவிட்டு அமிர்தகழிக்கே வந்துவிட்டார். அண்ணன் அவர் கண்ணுக்குத் தெரியவேயில்லை. படலையிலும் இல்லை, வானிலும் இல்லை. விடுதலை கிடைத்த மாதிரி இருக்கும் என்று நினைத்தார். வேறு மாதிரி இருந்தது. வெறும் கதிரைகளை அவர் கண் தேடியது. மைமல் நேரத்தில் சத்தம் கேட்கும்போது, பார்க்கப் போகக் கூடாதவராக, மச்சாளுக்குப் பக்கத்தில் பேசாமல் இருந்தார். கட்சியிலிருந்து இரண்டு தடவை அழைப்பு வந்தது, அடுத்த முறை நிற்கிறீர்களா என்று. பதில் சொல்லவில்லை.

வெளிக்கிட்ட அன்று ஆர்த்திகா வான் வரை கூட வந்தாள். சத்தம் கேட்ட நாளிலிருந்து அவள் அவரோடு அளவாகத்தான் பேசினாள். பெட்டியை ஏற்றியதும் சாரதியைத் தேத்தண்ணி குடித்துவிட்டு வரச்சொல்லி அனுப்பினாள்.

"சித்தப்பா, நீங்க அங்க எழும்பி நிண்டு சொன்ன அண்டு நான் சரியா அழுதன். தெரியுமா? சந்தோசத்துல."

அவர் திடுக்கிட்டுப் பார்த்தார்.

"அப்பா செத்திட்டாரெண்டு எனக்கு ஆரும் சொன்னதே இல்ல. நீங்கதான் முதல்ல சொன்னது. அண்டுதான் நான் ஒரு மனுசியா நித்திர கொண்டது. இனி அம்மா செத்தா அந்தச் சோத்துக் கோப்பைய நான்தான் வைக்கணும், என்ன? எனக்கும் கேக்குதே இப்ப." அவள் குரல் உயரவில்லை. "ஒண்டு மட்டும் சொல்லுங்க. அப்பா செத்துத்தானே?"

ஏழு வருடம் கேள்வி நேரத்தில் எழும்பி எழும்பிப் பதில் சொன்ன மனிதர் அவர். எந்தக் கேள்விக்கும் ஒரு பதிலை நிறுத்தாமல் பேசக்கூடியவர். வானின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எனக்குத் தெரியா, மகள்."

ஆர்த்திகா அதை ஏற்றுக்கொள்வது போலத் தலையை அசைத்தாள்.

"அத நீங்க அங்கயே சொல்லியிருக்கலாம்," என்றாள்.

சாரதி வாயைத் துடைத்துக்கொண்டு வந்தான். வான் ஒழுங்கையைக் கடந்து தார் றோட்டில் ஏறியது. வினாயகமூர்த்தி திரும்பிப் பார்த்தபோது ஆர்த்திகா இன்னும் படலையடியில்தான் நின்றாள். உள்ளே போகவுமில்லை, கை காட்டவுமில்லை. வாவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வெயில் தலையில் விழ, அப்படியே நின்றாள்.